பேரை மாற்றிப் பாடியவள்

வேலை செய்கிறவர்கள் களைக்காமல் இருக்க என்ன வழி என்று, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம் யோசிக்கிறார்கள். நான் இதைக் காதால் கேட்டவன். ஐம்பத்தாறாம் வருஷம் பாகலூருக்குக் கிழக்கே ஒரு ஓடையை மறித்துப் புதிதாக ஏரி கட்டினார்கள். அந்தக் கரை வேலை நடந்த இடத்தில் நான் டீக்கடை போட்டிருந்தேன். ஜீப்பில் வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் என் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைப் பேசினார்கள். டீ கொடுத்தால் ஜனங்கள் சுறுசுறுப்பாக இருப்பார்களா, வெல்லத்துண்டு கொடுத்தால் இருப்பார்களா, மத்தியானம் கூழ் குடிக்கிற நேரத்தைக் குறைத்தால் தூக்கம் வராமல் இருக்குமா என்றெல்லாம் பேசுவார்கள். நிழலில் கொஞ்ச நேரம் உட்கார விட்டால் என்ன என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த மருந்து வெங்கடம்மாள்.

வெங்கடம்மாள் கல்லாவிப் பக்கத்துக்காரி. மழை பொய்த்துப் போன வருஷத்தில் மானாவாரி நிலத்தைப் போட்டுவிட்டு, மகள் செல்லியையும் மருமகன் கரியப்பனையும் கூட்டிக்கொண்டு மண் வேலை தேடி வந்தவள். புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். நல்ல உயரம், காய்ந்த உடம்பு, முன்பல் ஒன்று கிடையாது. இனிமையான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் இந்தக் கரையில் நின்று பாடினால் அந்தக் கரையில் இருப்பவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும்.

அந்த வேலையில் பாட்டு இல்லாமல் கால் நகராது. ஆண்கள் பள்ளத்தில் மண்ணை வெட்டிக் கூடையில் வாரிப் போடுவார்கள். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, கூடையை ஏற்றிக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் கரைமேல் ஏறிக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்குவார்கள். மேலே திமிசுக்கட்டைக்காரர்கள் மண்ணை இடித்துக் கெட்டியாக்குவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இந்த வரிசை அறுந்து போகக் கூடாது. தமிழ் பேசுகிறவள், தெலுங்கு பேசுகிறவள், கன்னடம் பேசுகிறவள் எல்லாரும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி ஓரடி பாடுவாள். மற்றவர்கள் எந்த பாஷைக்காரியாக இருந்தாலும் "ஏத்தம்மா ஏத்து" என்று திருப்பிச் சொல்லி ஓரடி எடுத்து வைப்பார்கள்.

முதலில் வெங்கடம்மாளும் கூடை சுமந்துகொண்டேதான் பாடினாள். ஒருநாள் ஓவர்சியர் ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கரைமேல் நின்று, பாட்டு இருக்கும்போது எத்தனை கூடை ஏறுகிறது, இல்லாதபோது எத்தனை ஏறுகிறது என்று எண்ணிப் பார்த்தார். பிறகு மேஸ்திரி திம்மராயனைக் கூப்பிட்டு, "இந்தம்மா கூடை தூக்க வேணாம்யா, பாடட்டும்" என்றார். அவருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் ஜனங்களுக்கு அது பாட்டன் காலத்துச் சமாசாரம். அன்றிலிருந்து வெங்கடம்மாள் கரையோரம் ஒரு பாறைமேல் வெறுந்தலையோடு நின்று பாடினாள். அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்படவில்லை. நாள் முழுக்கக் கத்திவிட்டு, சாயங்காலம் என் கடைக்கு வந்து மிளகு தட்டிப் போட்ட வெந்நீரை ஒவ்வொரு மடக்காக விழுங்குவாளே, அதைப் பார்த்தவர்களுக்குப் பொறாமை வராது.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. வரிசையில் யாராவது தளர்ந்தால், அவள் பேரை வைத்து ஒரு கேலிப் பாட்டு கட்டிவிடுவாள். மாதம்மாள் கூடையில் இருப்பது மண்ணா மல்லிகைப் பூவா என்று ஒருநாள் பாடினாள். மாதம்மாள் ஆளே மலை மாதிரி இருப்பாள். வரிசை முழுக்கச் சிரித்தது, மாதம்மாளும் சிரித்தாள், சிரித்த வேகத்திலேயே ஏறிவிட்டாள். இதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பாட்டில் பேர் வாங்கியவள் அந்தப் பேர் ஓடுகிற வரை நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது. பாட்டுக்காரி அடுத்த பேருக்குப் போன பிறகுதான் கூடையை இறக்கி மூச்சு வாங்கலாம். யார் வைத்த கட்டுப்பாடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறியவளை நான் பார்த்ததில்லை. மேஸ்திரி கம்பை எடுத்தால்கூட முறைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள், பேர் வாங்கினால் ஏறிவிடுவார்கள். மானப் பிரச்சினை ஆகிவிடும்.

செல்லிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்பதுதான் வெங்கடம்மாளுக்கு ராத்திரி பகல் யோசனை. என் கடை வாசலில் வைத்துத்தான் திம்மராயனிடம் கேட்டாள்.

"மேஸ்திரி, எம் பொண்ணு முழுவாம இருக்குது. கூட தூக்க வேணாம், தண்ணி ஊத்துற வேல குடு சாமி."

"தண்ணி போற ஓட வாய் அடைக்கட்டும்மே. அப்பறம் குடுக்கறேன். இப்ப ஒரு ஆள எடுத்தா வரிசயில ஓட்ட வுழுந்துடும்."

"குடிசயில படுத்துக்கட்டும்னா?"

"வேலைக்கு வராதவங்களுக்கு குடிச எதுக்கு? நான் சொல்லல, காண்டிராக்டர் சொல்றாரு. வரிசய வுட்டு உக்காந்துதுன்னா, மூட்ட கட்டிக்கினு ஊருக்குப் போவ வேண்டிதான்."

திம்மராயனை நான் ராட்சசன் என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு மேலே ஒருத்தன் கம்போடு நின்றான், அவனுக்கு மேலே ஒருத்தன். கடைசியில் கம்பு யார் கையில் இருந்தது என்றே தெரியாமல் எல்லோரும் அடிபட்டுக்கொண்டிருந்தோம். ஊருக்குப் போவதென்றால் எந்த ஊருக்கு? அங்கே கூரையைக்கூடப் பிரித்து விறகாக்கியாகிவிட்டது.

செல்லி நான் பார்த்தவரை அதிகம் பேசாத பெண். அம்மாவுக்கு வெந்நீர் வாங்க வரும்போது மட்டும் என்னிடம், "அண்ணா, அம்மாவுக்கு மொளகு கொஞ்சம் தூக்கலா போடுங்க, தொண்ட கட்டிக்கிச்சி" என்பாள். அந்தத் தொண்டை கட்டினால் தனக்குத்தான் நல்லது என்று அந்தப் பைத்தியத்துக்குத் தோன்றவில்லை.

கரை இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து, நடுவில் ஓடைக்கு விட்டிருந்த வாய் மட்டும் பாக்கி இருந்தது. அதை மழைக்கு முன்னால் அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வெள்ளத்தில் போட்ட மண் எல்லாம் போய்விடும். அன்றைக்கு மத்தியானம் மேற்கே கன்னட நாட்டுப் பக்கம் வானம் கருத்தது. காண்டிராக்டரே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திம்மராயன் கரைமேல் ஏறி நின்று தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் கத்தினான். "பேக பேக! வேகமா, வேகமா! வானத்தப் பாருங்கம்மே!" வெங்கடம்மாள் பாட்டைத் துரிதப்படுத்தினாள்.

அப்போது வரிசையின் வால்பக்கம் ஒரு இடைவெளி விழுந்தது. செல்லி பின்தங்கிவிட்டாள். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் ஊன்றியபடி பாதிச் சரிவில் நின்றாள். அவள் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"எவ அது பின்னால நிக்கறவ?" என்று திம்மராயன் திரும்பினான். காண்டிராக்டரும் பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்தார்.

வெங்கடம்மாள் அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். மேஸ்திரி கண்ணில் மகள் முகம் படுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். காண்டிராக்டர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே குடிசை போய்விடும், தண்ணீர் ஊற்றுகிற வேலையும் போய்விடும். அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்திய மருந்து. அதைத்தான் கொடுத்தாள்.

"அம்மா மடியினிலே..."

"ஏத்தம்மா ஏத்து!"

"மத்தியானம் தூங்குறவ..."

"ஏத்தம்மா ஏத்து!"

"செல்லி எழுந்திருச்சா..."

"ஏத்தம்மா ஏத்து!"

"செங்கரையும் ஏறிடுமே..."

"ஏத்தம்மா ஏத்து!"

வரிசை சிரித்தது. பெற்ற தாயே மகளைக் கேலி செய்கிறாள் என்றால் கேட்கவா வேண்டும்! திம்மராயன் முகத்தில்கூடச் சிரிப்பு வந்தது. காண்டிராக்டர், "பேஷ், இதுதான்யா வேணும்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தார். செல்லியும் சிரித்தாள். நான் பார்த்தேன். தலையில் பாரத்தோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரித்தாள். காலை எடுத்து வைத்து மேலே போனாள். வெங்கடம்மாள் மூச்சு விட்டாள்.

ஒரு நடை போனதும், வழக்கம்போல வெங்கடம்மாள் பேரை மாற்றினாள். மாதம்மாள் பேரைப் போட்டாள். ஆனால் பாட்டு மாறவில்லை. அந்தச் செல்லிப் பாட்டு ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. மாதம்மாள் பேர் வந்ததும் முன்வரிசையில் ஒருத்தி, "அது வேணாம், செல்லிதான்!" என்று கத்தி, அவளே "செல்லி எழுந்திருச்சா" என்று எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது. அவர்களுக்கும் கால் கடுத்தது. கழுத்து நொந்தது. அந்தப் பாட்டு இருந்தால் கொஞ்சம் மறந்தது, அவ்வளவுதான். வெங்கடம்மாள் மறுபடி மாற்றினாள். மறுபடி அவர்கள் செல்லிக்கே திரும்பினார்கள். கன்னடக்காரிகள் கொஞ்சம் வார்த்தையைச் சிதைத்து, ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்கள்.

அவள் பாட்டையே நிறுத்தியிருக்கலாம். பின்னால் என்னிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வாய மூடியிருக்கலாம் இல்லண்ணா? வாய மூடறதுக்கு என்னா செரமம்?" நிறுத்தியிருந்தால் வரிசை நின்றிருக்கும். ஏன் நின்றது என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். காரணம் செல்லி என்று தெரிந்துபோயிருக்கும். அந்தப் பயத்தில் பாடிக்கொண்டே இருந்தாள். பாட்டில் மகள் பேர் ஓடிக்கொண்டே இருந்தது. பேர் ஓடுகிற வரை மகள் நிற்க முடியாது.

பொழுது சாய்கிற நேரம், ஓடை வாய் ஏறக்குறைய அடைபட்டுவிட்ட சமயத்தில், செல்லி கரை உச்சிக்கு வந்து, கூடையைக் கொட்டாமலே கூடையோடு விழுந்தாள். திமிசுக்கட்டைக்காரன் ஒருத்தன் கட்டையை எறிந்துவிட்டு ஓடினான். புடவையெல்லாம் இரத்தம். செம்மண்ணில் அது இரத்தம் என்று தெரிவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

காண்டிராக்டர் வந்த ஜீப் அங்கேதான் நின்றது. யாரும் கேட்கத் துணியவில்லை, அவரும் கொடுக்கவில்லை. எனக்கு விறகு கொண்டுவருகிற கோவிந்தப்பனின் மாட்டு வண்டியில் செல்லியைப் படுக்க வைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வெங்கடம்மாள் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கரியப்பன் மாட்டை அதட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினான். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அவ்வளவு பயந்த மழை, வண்டிச் சக்கரம் நனைகிற அளவுக்குத் தூறிவிட்டு நின்றுவிட்டது.

பாகலூர் தாண்டினதும் செல்லிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கையைத் தூக்கித் தலைக்கு மேல் எதையோ பிடிக்கப் பார்த்தாள்.

"அம்மா."

"சொல்லு சாமி. இங்கதான் கீறேன்."

"பேர மாத்தும்மா."

வெங்கடம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னா கண்ணு?"

"வேற யார் பேராச்சும் போடும்மா. கூடய எறக்கணும். தாங்கல."

வெங்கடம்மாள் பாடினாள். அந்த வண்டியில், மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த பேரையெல்லாம் போட்டுப் பாடினாள். மாதம்மாள் பேரைப் போட்டாள், சரோஜம்மாள் பேரைப் போட்டாள், செத்துப்போன தன் மாமியார் பேரைக்கூடப் போட்டாள். குரலே வரவில்லை. கரியப்பன் ஓடிக்கொண்டே "ஏத்தம்மா ஏத்து, ஏத்தம்மா ஏத்து" என்று அழுதான். நானும் சொன்னேன். கோவிந்தப்பனும் சொன்னான். பாட்டு அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஓசூர் விளக்குகள் தெரிவதற்கு முன்னால் கை கீழே விழுந்துவிட்டது.

செல்லியின் காரியம் முடிந்ததும் கரியப்பன் பெங்களூர்ப் பக்கம் போனான். திரும்பி வரவில்லை. வெங்கடம்மாள் குடிசைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாய் அடைத்த இடத்தில் இன்னும் மண் ஏற வேண்டியிருந்ததால் வரிசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதலில் பாட்டு இல்லாமல் நடந்தார்கள். முடியவில்லை. யாரோ ஒருத்தி முனகலாக ஆரம்பித்தாள். எது வாயில் இருந்ததோ அதுதானே வரும்?

"செல்லி எழுந்திருச்சா..."

"ஏத்தம்மா ஏத்து!"

நான் கடையை விட்டுவிட்டு ஓடினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? அவ செத்து சாம்பல்கூட ஆறலயே!" என்று கத்தினேன். பாடினவள் நின்று, பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். "என்னா பண்றதுண்ணா? வேற பாட்டுக்கு காலு எழும்ப மாட்டேங்குதே" என்றாள். திரும்பிப் பார்த்தால் வெங்கடம்மாள் குடிசை வாசலில் நிற்கிறாள். யாரையும் திட்டவில்லை. நேராகத் திம்மராயனிடம் போய், "எனக்கு ஒரு கூட குடு" என்றாள். அவன் பாறையைக் காட்டினான். "கூட குடு" என்றாள் மறுபடியும். வரிசையின் வாலில், செல்லி நடந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அவள் பாறைமேல் ஏறவே இல்லை.

ஏரி நிரம்பியது. திறப்பு விழாவில் மாலை போட்டார்கள், பேசினார்கள். ஜனங்களின் அயராத உழைப்பு என்று ஒருத்தர் சொன்னார். அந்தச் சொல்லை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எனக்கு வாயில் கசப்பு வருகிறது.

மண் வேலைக்காரர்கள் போகிற இடத்துக்கு டீக்கடையும் போகும். இரண்டு வருஷம் கழித்து ஓசூருக்கு வடக்கே ரோடு போடுகிற இடத்தில் கடை போட்டேன். அங்கேயும் வெங்கடம்மாள் வந்து சேர்ந்தாள். முதுகு வளைந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். அந்த வேலைக்குப் பாட அருள்மேரி என்று ஒரு இளம் பெண்ணை வைத்திருந்தார்கள். குரல் தேன் மாதிரி. முதல் நாள் காலையில் வரிசை கிளம்பியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா மடியினிலே..."

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பாட்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. கூடை எங்கெங்கே போயிற்றோ அங்கெல்லாம் போயிருந்தது. வரிசையில் இருந்த யாரும் பாகலூர் ஏரியைப் பார்த்ததுகூட இல்லை. வெங்கடம்மாள் தலையில் கல்லுக் கூடையோடு அருள்மேரி பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த செல்லி யாரும்மே?"

அருள்மேரி சிரித்தாள். "யாரு? யாருமில்ல பெரியம்மா. பாட்டுல வர்ற பேரு."

"பேர மாத்திப் பாடும்மே."

"ஏன், நல்லாத்தான இருக்குது? மாத்துனா கேக்க மாட்டாங்க."

வெங்கடம்மாள் ஏதாவது சொல்லிவிடுவாள், கூடையை வீசி எறிந்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சும்மாட்டைச் சரி செய்துகொண்டாள். இரண்டு வருஷமாகப் பாடாத தொண்டையைத் திறந்தாள்.

"வெங்கடம்மா கூடையிலே..."

வரிசை ஒரு நொடி தயங்கியது. பிறகு, "ஏத்தம்மா ஏத்து!"

"வேணமட்டும் கல்ல வையி..."

"ஏத்தம்மா ஏத்து!"

கிழவி தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். கல் அள்ளிப் போடுகிறவன் நிஜமாகவே இன்னும் இரண்டு கல்லை எடுத்து அவள் கூடையில் வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேர் தன்மேல் இருக்கிற வரை நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவளுக்குத் தெரியும். மத்தியானம் வரை நிற்காமல் நடந்தாள். கடைப்பக்கம் வரும்போது, "தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்க்காமலே, "அவ இப்ப கூடய எறக்கி வெச்சிருப்பா இல்லண்ணா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் அருள்மேரி மறுபடியும் செல்லியிலிருந்துதான் ஆரம்பித்தாள்.

வெங்கடம்மாளும் மறுபடியும் தன் பேரைப் போட்டாள். ரோடு ஓசூரிலிருந்து எல்லை வரைக்கும் போய் முடிகிற வரை, தினமும் காலையில் அந்தப் பெண் செல்லியை எழுப்பினாள். தினமும் தாய்க்காரி ஓடிப்போய் மகளின் கூடையை வாங்கிக்கொண்டாள்.